யாரும் பேசாத ஒரு படத்துக்கு ரசிகர் இதழ்: ஜப்பானில் அச்சிட்டு மேசை போடுவது எப்படி

கடற்கொள்ளையர் கதையான ‘ஒன் பீஸ்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் வரிசையின் ஆறாவது படமான ‘ஒமாட்சுரி பிரபுவும் ரகசியத் தீவும்’ 2005 மார்ச் 5 அன்று ஜப்பானில் வெளியானது. இயக்கியவர் மமோரு ஹொசோடா. ஒன் பீஸ் ரசிகர்களிடம் பிடித்த படம் எது என்று கேட்டால், மூலக் கதையின் ஆசிரியர் ஓடாவே நேரடியாகப் பங்கெடுத்த பிந்தைய படங்களைத்தான் முதலில் சொல்வார்கள். இந்தப் படத்தைச் சொல்கிறவர் அபூர்வம். ஆனால் சொல்கிறவர்கள் லேசில் பேச்சை முடிக்க மாட்டார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

டோக்கியோவில் வேலைக்கு வந்த பிறகு, இந்தப் படத்தைப் பற்றி 36 பக்கத்தில் ஓர் இதழ் போட்டு, ரசிகர் சந்தையில் மேசை போட்டு விற்றேன். இங்கே இப்படிச் சொந்தமாக அச்சிடும் இதழைத் தோஜின்ஷி என்பார்கள். நான்கு மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை எனக்குப் பத்து மாதம் இழுத்தது. மே மாதச் சந்தையைத் தவறவிட்டு நவம்பரில்தான் உட்கார்ந்தேன். ஒரு முழு அச்சும் வீணானது. ஜப்பானில் படிக்கிற, வேலை பார்க்கிற தமிழர்களில் யாருக்காவது தனக்குப் பிடித்த ஒரு படத்துக்கு இதைச் செய்ய ஆசை இருந்தால், நான் இடறிய இடங்களில் நீங்கள் இடற வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். கதையின் முடிவு வரை பேசுகிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

1. முதலில் படம், பிறகுதான் பேனா

குறைந்தது மூன்று தடவை பாருங்கள். முதல் தடவை சும்மா பாருங்கள். இரண்டாவது தடவை கையில் நோட்டு. மூன்றாவது தடவை ஒலியை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும். சுமார் ஒன்றரை மணி நேரப் படம், ஆகவே இரண்டு வார இறுதிகள் போதும்.

வட்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜப்பானில் விற்கும் டிவிடியின் மண்டல எண் 2, புளூ-ரேயின் மண்டலம் ஏ. இந்தியாவில் டிவிடி மண்டலம் 5, புளூ-ரே மண்டலம் சி. ஊரிலிருந்து கொண்டுவந்த பிளேயரில் இங்கே வாங்கிய வட்டு ஓடாமல் போகலாம். கணினியின் டிவிடி டிரைவில் மண்டலத்தை ஐந்து தடவைதான் மாற்ற முடியும். அதற்குப் பிறகு கடைசியாக வைத்ததிலேயே நின்றுவிடும். ஜப்பானிய வட்டில் ஆங்கில வசன வரி இருக்கும் என்று நம்பியும் வாங்காதீர்கள். பெரும்பாலும் இருக்காது. உறையின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

இந்தப் படத்தில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்டால், என் நோட்டில் இருந்ததைச் சொல்கிறேன். ஒமாட்சுரி என்றால் திருவிழா. கதாநாயகன் லூஃபியும் அவனுடைய கடற்கொள்ளைக் கூட்டாளிகளும் ஓர் உல்லாசத் தீவுக்கு அழைப்பு வந்ததை நம்பிப் போகிறார்கள். அங்கே அந்தப் பிரபு வைக்கும் ‘நரகச் சோதனைகள்’ எல்லாம் ஜப்பானியக் கோயில் திருவிழாக் கடை விளையாட்டுகள்: தங்கமீன் பிடிப்பது, வளையம் எறிவது. முதல் பாதியில் வண்ணம் கொட்டுகிறது. விளையாட்டு நடக்க நடக்க, கூட்டாளிகள் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுகிறார்கள். நாமிக்கும் உசொப்புக்கும் ஆகவில்லை, ஸோரோவுக்கும் சாஞ்சிக்கும் ஆகவில்லை. அப்புறம் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். கடைசியில் லூஃபி தனியாக நிற்கிறான்.

பிரபுவுக்கும் ஒரு காலத்தில் உயிருக்குயிரான கூட்டாளிகள் இருந்தார்கள். புயலில் அத்தனை பேரையும் இழந்துவிட்டான். அவன் தோளில் இருக்கும் லில்லி கார்னேஷன் என்ற பூ, பிற கடற்கொள்ளையர்களை விழுங்கி, செத்தவர்களைச் செடியாக முளைக்க வைத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் ஒற்றுமையான கூட்டாளிகளைக் கண்டால் அவனுக்குப் பொறுக்கவில்லை. பிரபுவுக்குக் குரல் கொடுத்தவர் அகியோ ஓட்சுகா. உரக்கச் சிரிக்கும்போதுகூட அந்தக் குரலில் அடைத்துக்கொண்ட தொண்டை கேட்கிறது.

ஹொசோடா இதற்கு முன் கிப்லி என்ற அனிமேஷன் ஸ்டுடியோவில் ஒரு படத்தை இயக்கப் போய், பாதியில் விலக நேர்ந்தவர். அந்த அனுபவம் இந்தப் படத்துக்குள் வந்திருக்கிறது என்று அவரே பேட்டிகளில் பேசியிருக்கிறார். சேர்ந்து வேலை செய்ய வந்தவர்களைக் கைவிட நேர்ந்த ஒருவர் எடுத்த படம் என்று தெரிந்த பிறகு பார்த்தால், பிரபு வெறும் வில்லனாகத் தெரிய மாட்டான். அடுத்த ஆண்டே ஹொசோடா வேறு ஸ்டுடியோவில் எடுத்த படத்தால் ஊரறிந்த இயக்குநர் ஆனார். இந்தப் படம் மட்டும் பின்னால் தங்கிவிட்டது.

உங்கள் இதழ் எதைச் சொல்ல வேண்டும் என்பதை இந்தக் கட்டத்திலேயே ஒரே வரியில் எழுதி வையுங்கள். என்னுடையது: ‘கூட்டாளிகளை இழந்தவன், இழக்காதவனைப் பார்க்கும் பார்வை.’ அந்த வரிக்கு உதவாத எதையும் பிறகு வெட்டிவிட்டேன். வெட்டாமல் வைத்திருந்தால் 80 பக்கம் ஆகியிருக்கும், அச்சுச் செலவும் இரட்டித்திருக்கும்.

2. எந்தச் சந்தை?

இரண்டு பெரிய வாய்ப்புகள் உண்டு. ஒன்று காமிக்கெட், சித்திரக்கதை ரசிகர் இதழ்களுக்குப் பேர்போன சந்தை. 1975 முதல் நடக்கிறது. ஆகஸ்ட், டிசம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு தடவை, அரியாகேயில் உள்ள டோக்கியோ பிக் சைட் கண்காட்சி அரங்கில். இன்னொன்று புங்காகு ஃபுரிமா, சுருக்கமாகப் புன்ஃபுரி. எழுத்துக்கான சந்தை இது. நீங்கள் இலக்கியம் என்று நம்புவது எதுவானாலும் கொண்டுவரலாம் என்பதுதான் அவர்கள் கொள்கை. டோக்கியோவில் வசந்தத்தில் ஒன்று, ஆண்டு முடிவை ஒட்டி ஒன்று. 2024 டிசம்பர் முதல் இதுவும் பிக் சைட்டுக்கு வந்துவிட்டது. ஒசாகா, கியோத்தோ, ஃபுகுவோகா, சப்போரோ போன்ற ஊர்களிலும் நடக்கிறது.

ஓவியமும் சித்திரக்கதையும் உங்கள் பலம் என்றால் காமிக்கெட். கட்டுரை என்றால் புன்ஃபுரி என்பது என் தெளிவான கருத்து. அங்கே வருகிறவர்கள் நின்று, நான்கு பக்கம் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்கள். எழுத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

3. நாட்களைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

விண்ணப்பம் நீங்கள் நினைப்பதைவிட மிக முன்னதாகவே முடிந்துவிடும். ஆகஸ்ட் காமிக்கெட்டுக்குப் பிப்ரவரி வாக்கில் விண்ணப்பம், ஜூன் தொடக்கத்தில் முடிவு. டிசம்பருக்கு, ஆகஸ்ட் சந்தை முடிந்த கையோடு விண்ணப்பம், நவம்பர் தொடக்கத்தில் முடிவு. புன்ஃபுரிக்கும் சுமார் அரை ஆண்டு முன்பே கதவு திறக்கும். இடத்தைவிட விண்ணப்பம் கூடினால் குலுக்கல்.

இதழ் தயாரான பிறகு விண்ணப்பிக்கலாம் என்று காத்திருந்தால் இடம் கிடைக்காது. இடம் கிடைத்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தால் இதழ் வராது. இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும்.

அச்சகத்துக்குக் கோப்பு கொடுக்கும் கடைசி நாள் சந்தைக்கு ஒரு வாரமோ பத்து நாளோ முன்பு இருக்கும். இன்னும் இரண்டு மூன்று வாரம் முன்னதாகக் கொடுத்தால் விலை கணிசமாகக் குறையும். மே மாதச் சந்தைக்குப் போகிறவர்கள் கவனிக்க: ஏப்ரல் கடைசியிலிருந்து மே 5 வரை கோல்டன் வீக் விடுமுறை. அச்சகங்கள் மூடியிருக்கும், கூரியரும் தாமதமாகும். ஏப்ரல் 15க்குள் கோப்பு கைமாறிவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

4. காகிதங்கள்

விண்ணப்பம் முழுக்க இணையத்தில்தான். கேட்பவை: பெயர், ஜப்பான் முகவரி, தொலைபேசி எண், உங்கள் ‘வட்டத்தின்’ பெயர், இதழின் பிரிவு, அட்டவணையில் போட ஒரு சிறிய சதுரப் படம். தனி ஆளாக இருந்தாலும் அதை வட்டம் என்றுதான் சொல்வார்கள். பெயரின் ஜப்பானிய உச்சரிப்பை வங்கிக் கணக்கில் இருப்பதுபோலவே எழுதுங்கள். நம் பெயர்களை இரண்டு மூன்று விதமாக எழுத முடியும்; ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு விதமாக எழுதினால் பணம் கட்டியதை உங்கள் விண்ணப்பத்தோடு பொருத்த அவர்களுக்குச் சிரமம்.

பிரிவைத் தவறாகப் போடாதீர்கள். ஒன் பீஸ் என்ற பெயர் இருப்பதால் நான் முதலில் கற்பனைக் கதைப் பிரிவைத் தேர்ந்தெடுக்கப் பார்த்தேன். விமர்சனம் என்று ஒரு பிரிவு தனியாக உண்டு. உங்களைத் தேடி வரும் வாசகர் அந்த வரிசையில்தான் நடப்பார்.

விசா விஷயம். அச்சுச் செலவை எடுக்கும் அளவுக்கு விற்பது ஒன்று, லாபத்துக்கு விற்பது வேறு. பெரும்பாலான விசாக்களில் எந்த வேலையில் வருமானம் ஈட்டலாம் என்று வரம்பு இருக்கிறது. அதற்கு வெளியே போக அனுமதி வாங்க வேண்டும். மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் பிரிவிலோ, குடிவரவு அலுவலகத்திலோ முன்பே கேட்டுவிடுங்கள். சுற்றுலா விசாவில் வந்து மேசை போட நினைக்க வேண்டாம்.

5. படத்திலிருந்து காட்சிகளை எடுத்துப் போடலாமா?

புதிதாக வருகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஜப்பானியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு மேற்கோளை அனுமதிக்கிறது. விமர்சனத்துக்கு அது தேவையாக இருக்க வேண்டும், உங்கள் எழுத்தே முதன்மையாக இருக்க வேண்டும், எது உங்களுடையது எது மேற்கோள் என்று தெளிவாகத் தெரிய வேண்டும், எங்கிருந்து எடுத்தது என்று குறிப்பிட வேண்டும். பக்கத்தை அழகாக்க ஒரு காட்சியைப் போடுவது மேற்கோள் ஆகாது. அட்டையில் போடுவது கூடவே கூடாது. படத்தின் அதிகாரபூர்வ எழுத்துருவையும் சின்னத்தையும் தவிருங்கள்.

இன்னொரு கண்ணி: வட்டின் பூட்டை உடைத்துக் கணினியில் நகலெடுப்பது, சொந்த உபயோகத்துக்கு என்றாலும், 2012 அக்டோபரிலிருந்து சட்டப்படி கூடாது.

அதனால் நான் வேறு வழி எடுத்தேன். காட்சியை நிறுத்தி வைத்து, பென்சிலில் கோட்டுப் படம் வரைந்தேன். முகம், உடை எல்லாம் கிடையாது. யார் எங்கே நிற்கிறார், நடுவில் எவ்வளவு வெற்றிடம் என்பது மட்டும். இந்தப் படத்துக்கு அது மிகவும் பொருந்தியது. ஹொசோடா பாத்திரங்களின் மேல் நிழலே போடுவதில்லை. தட்டையான வண்ணத்தில், ஒரே கோட்டில் நிற்பார்கள். ஆகவே எங்கே நிற்கிறார்கள் என்பதே பாதி உணர்ச்சியைச் சொல்லிவிடுகிறது. ஏழு பேர் ஒரே சட்டகத்துக்குள் நெருக்கியடித்து இருந்த இடத்தில் பிறகு இரண்டு பேர், அப்புறம் ஒருவன் என்று குறைவதைப் பென்சிலில் வரைந்தபோதுதான் எனக்கே முழுதாகப் புரிந்தது. வரையத் தெரியாது என்று தயங்காதீர்கள். வட்டமும் கோடும் போதும்.

6. பக்கம் அமைப்பதும் தமிழ் எழுத்தும்

என் இதழில் 28 பக்கம் ஜப்பானியம், 4 பக்கம் தமிழ், அட்டை 4 பக்கம். ஜப்பானிய அச்சகங்கள் அட்டையையும் சேர்த்துத்தான் பக்கம் எண்ணும். விலைப் பட்டியலில் 36 என்றால் உள்ளே 32தான். நடுவில் பின் அடிக்கும் கட்டு என்றால் மொத்தம் நான்கால் வகுபட வேண்டும்.

கோப்பு பிடிஎஃப். கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படம் 600 டிபிஐ, வண்ண அட்டை 350 டிபிஐ. நாலு ஓரத்திலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும், வெட்டும்போது போய்விடும். எல்லாப் பக்கத்திலும் பக்க எண் கட்டாயம். வெறும் பக்கமாக இருந்தாலும் சரி. இல்லாவிட்டால் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தமிழ்ப் பக்கம் போடுகிறவர்களுக்கு: பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனின் ஜப்பானியப் பதிப்பு இயல்பாக ஜப்பானிய வரி அமைப்பில் இருக்கும். அதில் தமிழை ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பன்மொழி வரி அமைப்புக்கு மாற்றுங்கள். பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்துருவை உள்ளே பதியுங்கள். அப்புறம் ஒரு பக்கத்தையாவது பக்கத்துக் கடையில் காகிதத்தில் எடுத்து, ‘கொ’, ‘கௌ’, ‘ஸ்ரீ’ மூன்றையும் கண்ணால் பாருங்கள். அச்சகத்தில் யாருக்கும் தமிழ் தெரியாது. பிழை இருந்தாலும் சொல்ல ஆள் இல்லை.

இனி, என் 40 பிரதிகளை வீணாக்கிய பிழை. ஜப்பானியத்தில் மேலிருந்து கீழே எழுதினால் புத்தகம் வலப்பக்கம் கட்டப்படும். இடமிருந்து வலம் எழுதினால் இடப்பக்கம். நான் ஜப்பானியத்தையும் குறுக்கு வரியில்தான் அமைத்திருந்தேன். ஆனால் அச்சகத்தின் ஆர்டர் படிவத்தில் வலக் கட்டு என்று இருந்ததை மாற்றாமல் விட்டுவிட்டேன். பெட்டியைத் திறந்தால் முதல் பக்கம் கடைசியில் இருக்கிறது. மறு அச்சுக்கு நேரமில்லை, மே போனது. படிவத்தில் அந்த ஒரு கட்டத்தை மூன்று தடவை பாருங்கள். எத்தனை பிரதி என்பதைக்கூட அதற்குப் பிறகு பார்க்கலாம்.

கடைசிப் பக்கத்தில் வெளியீட்டு விவரம் வேண்டும்: இதழின் பெயர், நாள், வட்டத்தின் பெயர், தொடர்பு, அச்சகத்தின் பெயர். தொடர்புக்கு வீட்டு முகவரி தேவையில்லை, இதற்கென்று தனி மின்னஞ்சல் திறந்துகொள்ளுங்கள்.

7. செலவு

வீணான அச்சை விட்டுவிட்டு, என் கணக்கு இது. மேசைக் கட்டணம் 7,000 யென். 40 பிரதி, ஏ5 அளவு, வண்ண அட்டை, உள்ளே கறுப்பு வெள்ளை: 18,400. மேசை விரிப்பு, புத்தகம் நிறுத்தும் தாங்கி, விலைப் பலகை: 1,900. ஜப்பானியத்தைத் திருத்திக் கொடுத்த தோழிக்கு ஒரு நல்ல சாப்பாடு: 3,000. ரயில்: 1,200. மொத்தம் 31,500. ஒரு பிரதி 500 யென் வைத்து 23 விற்றேன், 11,500 வந்தது. கையிலிருந்து போனது 20,000 யென். காமிக்கெட் என்றால் மேசைக்கு 10,000 யென்னை ஒட்டி ஆகும்.

முதல் இதழுக்கு 100 பிரதி அடிக்காதீர்கள். எண்ணிக்கை கூடினால் ஒரு பிரதியின் விலை குறைகிறதே என்று மனசு இழுக்கும். மிச்சப் பெட்டியோடு டோக்கியோவின் சின்ன அறையில் நீங்கள்தான் குடியிருக்க வேண்டும்.

8. சந்தை நாள்

ரிங்காய் ரயில் பாதையில் கொக்குசாய் தென்ஜிஜோ நிலையம், அல்லது யுரிகமோமே ரயில் பாதையில் டோக்கியோ பிக் சைட் நிலையம். கட்டிடம் மிகப் பெரியது. உங்கள் கூடத்தின் திசையை முந்தைய நாளே வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். பிரதிகளை அச்சகமே நேராக மேசைக்கு அனுப்பும் வசதி உண்டு. 40 பிரதி என்றால் கைப்பெட்டியே போதும்.

கிடைப்பது ஒரு நீள மேசையின் பாதி: 90 சென்டிமீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் ஆழம். புன்ஃபுரியில் ஒரு நாற்காலிதான் வரும், இரண்டாவது வேண்டுமென்றால் விண்ணப்பிக்கும்போதே காசு கட்டிச் சொல்ல வேண்டும். சில்லறை மிக முக்கியம்: 500 யென் நாணயம் இருபது, 1,000 யென் தாள் பத்து. காமிக்கெட்டில் ஒவ்வொரு புது இதழிலும் ஒரு மாதிரிப் பிரதியைப் படிவத்தோடு ஒப்படைக்க வேண்டும்; அதற்கான பிரதியைத் தனியே எடுத்து வையுங்கள்.

விலைப் பலகையில் படத்தின் பெயரைப் பெரிதாக எழுதுங்கள், வட்டத்தின் பெயரைச் சிறிதாக. என் மேசையைத் தாண்டிப் போன ஒருவர் பலகையைப் பார்த்துத் திரும்பி வந்தார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தியேட்டரில் பார்த்துப் பயந்து அழுததாகச் சொன்னார். இரண்டு பிரதி வாங்கினார், ஒன்று அவருடைய அண்ணனுக்காம். படத்தின் முடிவில் கூட்டாளிகள் கண்விழித்து, நடந்தது எதுவும் நினைவில்லாமல் சிரிக்கும் காட்சியைப் பற்றி இருவரும் பத்து நிமிடம் நின்றபடியே பேசினோம். லூஃபிக்கு மட்டும் எல்லாம் தெரியும், அவன் எதையும் சொல்லவில்லை. அந்தக் காட்சியை நான் இதழில் அரைப் பக்கத்தில் முடித்திருந்தேன். நான்கு பக்கம் கொடுத்திருக்க வேண்டும்.

9. மிஞ்சிய பிரதிகள்

இரண்டை உங்களுக்கென்று எடுத்து வையுங்கள். மற்றதை அடுத்த சந்தையில் புது இதழுக்குப் பக்கத்தில் வைக்கலாம், பழைய இதழ்களும் விற்கும். அஞ்சலில் விற்பதானால் இரு தரப்பு முகவரியையும் மறைத்து அனுப்பும் சேவையைப் பயன்படுத்துங்கள். ஜூன் மழைக்காலத்தில் பெட்டியைத் தரையிலோ சுவரோரமாகவோ வைக்காதீர்கள், அட்டை நெளிந்துவிடும். நூறு யென் கடையில் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் கிடைக்கும். பெட்டிக்குள் இரண்டு போட்டு, அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிடுங்கள்.